“அம்மா, அது எங்க?” – இந்தக் கேள்விக்கு விடை கொடுத்து அனுப்புவது எப்படி

எங்கள் வீட்டில் நான், கணவர், மாமியார், கல்லூரி போகும் மகள், ஏழாம் வகுப்பு படிக்கும் மகன் என்று ஐந்து பேர். என்னைத் தவிர மற்ற நான்கு பேருக்கும் கண் நன்றாகத் தெரியும். நான்தான் கண்ணாடி போட்டவள். ஆனாலும் ஒரு பொருள் வேண்டுமென்றால் அந்த நால்வரும் கண்ணால் தேடுவதில்லை, வாயால்தான் தேடுகிறார்கள். “நகவெட்டி எங்க?” “டேப் எங்க?” “என் நீலக் கலர் சாக்ஸ் எங்க?” கேட்கிறவர் நிற்கிற இடத்திலிருந்து கையெட்டும் தூரத்தில்தான் அது இருக்கும். “இங்க இல்லையே” என்று அலமாரிக்குள்ளிருந்து குரல் வரும். நான் எழுந்துபோய் அதே தட்டில் கையை விட்டு எடுத்துக் கொடுப்பேன். உடனே, “இப்பதான பார்த்தேன், அப்ப இல்லையே!” என்பார்கள். ஏதோ நான் இடுப்பில் ஒளித்து வைத்திருந்து எடுத்துக் கொடுத்ததுபோல.

இதில் சிரிக்க நிறைய இருக்கிறது, எரிச்சல்பட அதைவிட நிறைய இருக்கிறது. எது எங்கே இருக்கிறது, எது தீரப்போகிறது, எதற்குக் கடைசி நாள் நெருங்குகிறது என்பதையெல்லாம் ஒரே ஆள் தலையில் வைத்துக்கொண்டு திரிவதும் ஒரு வேலைதான். அதற்குச் சோப்பு வேண்டாம், துடைப்பம் வேண்டாம், அதனால் யார் கண்ணிலும் படாது. செய்கிறவர் ஊருக்குப் போனால்தான் அப்படி ஒரு வேலை இருந்ததே தெரியும். திட்டியும் புலம்பியும் இதைச் சரிசெய்தவர்களை நான் பார்த்ததில்லை. தலைக்குள் இருப்பதை எடுத்து வீட்டுக்குள் வைத்துவிட வேண்டும். என்னைக் கேட்டால் கிடைக்கிற தகவல், அலமாரியைப் பார்த்தாலே கிடைக்க வேண்டும். அதற்கு எங்கள் வீட்டில் பலித்த வழிகளைச் சொல்கிறேன்.

கால் போகிற இடம்

ஒரு பொருளுக்கு இடம் குறிக்கும்போது, எங்கே வைத்தால் பார்க்க அழகாக இருக்கும் என்று யோசிக்காதீர்கள். அடுத்த முறை யாராவது அதைத் தேடும்போது, வாயைத் திறப்பதற்கு முன் அவர் கால் எந்தப் பக்கம் போகிறது என்று மட்டும் கவனியுங்கள். அந்த இடம்தான் அந்தப் பொருளுக்கு உரியது. என் மகன் செலோடேப்பைத் தேடி எப்போதும் டிவி மேசை டிராயருக்குத்தான் போவான். ஏன் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. சரி, டேப் இப்போது அங்கேதான் குடியிருக்கிறது. டேப்பை இடம் மாற்றுவது ஒரு நிமிட வேலை. அவனை மாற்றுவதற்கு எனக்கு ஆயுசு போதாது.

கத்தரிக்கோலை ஒன்றுக்கு மேல் வாங்கி வைப்பது ஆடம்பரம் இல்லை. சமையலறைக்கு ஒன்று, தையலுக்கு ஒன்று, பார்சல் பிரிக்கவும் பள்ளி ப்ராஜெக்டுக்கும் ஒன்று. மூன்றுக்கும் வேறு வேறு நிறக் கைப்பிடி. துணி வெட்டுகிற கத்தரியால் காகிதம் வெட்டினால் கூர் போய்விடும். அதனால் தையல் கத்தரிக்கு என் மாமியார் பூட்டுப் போட்டிருக்கிறார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இரண்டு கைப்பிடி வளையத்துக்குள்ளும் நுழைத்து ஒரு சின்னப் பூட்டு, சாவி அவரிடம். எங்கள் வீட்டில் இதுவரை யாரும் “எங்க?” என்று கேட்காத ஒரே பொருள் அதுதான்.

எடுப்பது எப்படியும் நடந்துவிடும். திருப்பி வைப்பதில்தான் எல்லாம் கெடுகிறது. ஒரு பொருளைத் திருப்பி வைக்க எத்தனை தடவை கையை அசைக்க வேண்டும் என்று பாருங்கள். கதவைத் திறந்து, மேலே இருக்கிற டப்பாவை நகர்த்தி, அடியில் இருக்கிற டப்பாவை இழுத்து, மூடியைத் திறந்து வைக்க வேண்டுமென்றால், அந்தப் பொருள் சோபா கைப்பிடியிலேயே இருந்துவிடும். தினமும் புழங்குகிற எதற்கும் மூடி கூடாது. சாவிக்கு வாசல் கதவுக்குப் பக்கத்தில் கொக்கி. துண்டுக்குக் கம்பியைவிடக் கொக்கி நல்லது, அதிலும் பிள்ளைகளின் கொக்கி அவர்கள் தோள் உயரத்தில் இருக்க வேண்டும். எட்டாத கொக்கியில் எந்தப் பிள்ளையும் எதையும் மாட்டியதாகச் சரித்திரம் இல்லை.

டப்பாவில் பெயர் எழுதி ஒட்டுவதென்றால், தேடுகிறவர் வாயில் வருகிற வார்த்தையையே எழுதுங்கள். “மின் உதிரி பாகங்கள்” என்று எழுதினால் என் கணவர் தாண்டிப் போய்விடுவார். “பல்பு, ஒயர், பிளக்” என்றால் நின்று பார்ப்பார். “இதர” என்று மட்டும் எந்த டப்பாவிலும் எழுதவே எழுதாதீர்கள். அப்புறம் வீட்டில் இருக்கிற பாதி சாமான் அதற்குள்ளேதான் போகும்.

பத்திரமாக வைத்த பொருள்கள்

வீட்டில் பொருள்கள் தொலைவது அலட்சியத்தால் என்று நினைக்கிறோம். இல்லை, முக்கியமான பொருள்கள் எல்லாம் தொலைவது அக்கறையால். கண்ட இடத்தில் போட்டது என்றைக்காவது காலில் இடறும். பத்திரமாக எடுத்து வைத்தது கிடைக்கவே கிடைக்காது. என் மாமியார் “அதை நான் பத்திரமா வெச்சிருக்கேன்மா” என்று சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

“எங்க அத்தை?”

“பத்திரமான இடத்துலதான்.”

“அதான் எந்த இடம்?”

“இரு, யோசிக்கிறேன்.”

அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, நாம் எல்லோரும் இதைத்தான் செய்கிறோம். முக்கியமான ஒன்று கையில் வந்ததும், வழக்கமான இடம் போதாது என்று தோன்றி, அதற்கென்று புதிதாக ஓர் இடம் கண்டுபிடிக்கிறோம். நாம் அன்றாடம் போய்வராத மூலை அது. அதனால்தான் அது ஞாபகத்திலும் நிற்பதில்லை.

எங்கள் வீட்டில் இப்போது பத்திரமான இடம் ஒன்றே ஒன்றுதான்: அலமாரியின் நடு டிராயர். அதில் ஒளி ஊடுருவும் உறைகள் வைத்த ஒரு ஃபைல். ஆளுக்கு ஓர் உறை, வீட்டுக்கு ஓர் உறை. உபரிச் சாவி, ரசீது, சான்றிதழ், வாரண்டி கார்டு எதுவானாலும் அதற்குள்தான். வேறு இடத்தில் பத்திரப்படுத்தத் தோன்றினால் வீட்டில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுத்தான் வைக்க வேண்டும். மாமியார் இதை ஏற்றுக்கொள்ள மாட்டார் என்று நினைத்தேன். “அப்பாடா, இனி நான் ஞாபகம் வெச்சுக்க வேண்டாம்ல” என்றார்.

கடை ரசீதுகள் பெரும்பாலும் வெப்பத்தில் அச்சாகிற தாளில் வருகின்றன. மை கிடையாது, தாளே கறுப்பதுதான் எழுத்து. வெயிலும் சூடும் பட்டால் எழுத்து மங்கி வெறும் தாளாகிவிடும். அதனால் வாங்கிய அன்றே போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். கூடவே வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ் இவற்றின் மாடல் எண் எழுதிய ஸ்டிக்கரையும் படம் எடுங்கள். வாஷிங் மெஷினில் அது பெரும்பாலும் கதவைத் திறந்தால் தெரியும் ஓரத்திலோ பின்பக்கமோ இருக்கும். ரிப்பேருக்குக் கூப்பிட்டால் முதல் கேள்வியே அதுதான். அப்போது போய் மெஷினுக்குப் பின்னால் தலையை விட்டுக்கொண்டிருப்பது யாருக்கும் அழகில்லை.

மருந்துக்கும் இதே கதைதான், ஆனால் இடம் வேறு. குளியலறை அலமாரியில் ஈரம், அடுப்புக்கு மேல் சூடு, இரண்டும் மருந்தைக் கெடுக்கும். காய்ந்த, சூடில்லாத, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மாத்திரை அட்டையில் காலாவதி தேதி எந்த முனையில் அச்சாகியிருக்கிறதோ, அதற்கு எதிர் முனையிலிருந்து பிய்த்துச் சாப்பிடுங்கள். தேதி உள்ள பக்கத்தை முதலில் கிழித்துப் போட்டுவிட்டு, மீதியை வைத்துக்கொண்டு “இது நல்லா இருக்கா பாரேன்” என்று என்னைக் கேட்பதில் பயனில்லை. எனக்கு ஞானதிருஷ்டி கிடையாது. கண் சொட்டு மருந்தைத் திறந்ததும் பாட்டில் மேல் அன்றைய தேதியை எழுதுங்கள். நிறைய சொட்டு மருந்துகளைத் திறந்த 4 வாரத்தில் போட்டுவிட வேண்டும். உங்களுடையதற்கு எவ்வளவு நாள் என்று அட்டையில் போட்டிருக்கும்.

தேடுகிற முறை

தேடத் தொடங்கும்போது “எங்க வெச்ச?” என்று கேட்காதீர்கள். தெரிந்தால் அவர் ஏன் தேடப்போகிறார்? அந்தக் கேள்விக்குப் பதில் வராது, சண்டைதான் வரும். “கடைசியா எப்ப கையில இருந்தது? அப்ப என்ன பண்ணிக்கிட்டு இருந்த?” என்று கேளுங்கள். பாதிப் பொருள்கள் அங்கேயே கிடைத்துவிடும். அப்புறம், நின்ற இடத்திலிருந்து நோட்டம் விடுவது தேடுவதாகாது. கையால் தூக்கி, நகர்த்தி, அடியில் பார்க்க வேண்டும். கதவருகே தொடங்கி சுவரோரமாக ஒரு சுற்று, ஆளுக்கு ஓர் அறை. ஒருவர் பார்த்த இடத்தையே இன்னொருவரும் பார்த்துக்கொண்டிருந்தால் பொழுதுதான் போகும். தரையில் உட்கார்ந்து ஒரு முறை பாருங்கள். நின்றுகொண்டிருக்கும்போது தெரியாத ஓர் உலகம் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

கம்மல் திருகாணி மாதிரி பொடிப் பொருளென்றால் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தரையிலேயே படுக்க வைத்து மெதுவாகச் சுழற்றுங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் போவதால் எள்ளளவு பொருளுக்கும் நீளமாக நிழல் விழும். பிரெட் துணுக்குக்கும் விழும். எங்கள் வீட்டுத் தரையைப் பற்றி நான் தெரிந்துகொள்ள விரும்பாத பல விஷயங்களை அப்படித்தான் தெரிந்துகொண்டேன். வேக்குவம் கிளீனர் இருந்தால் குழாய் வாயில் மெல்லிய துணியை ரப்பர் பேண்டால் கட்டி உறிஞ்சுங்கள், திருகாணி துணியில் வந்து ஒட்டும். ஊசி விழுந்தால் காந்தம். தங்கத்தைக் காந்தம் இழுக்காது, அதைச் சொல்லி வைக்கிறேன்.

போன் சைலன்டில் இருந்தாலும் ஒலிக்க வைக்கும் வசதி ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் உண்டு. தொலைவதற்கு முன்பே அதை ஆன் செய்து வைக்க வேண்டும் என்பதுதான் சங்கடம். இன்றைக்கே எல்லோர் போனிலும் செய்துவிடுங்கள்.

மோதிரம் வாஷ்பேசின் துளைக்குள் போவதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே ஒரு நொடியில் காரியம் கெட்டுவிடும். என் மகளின் மோதிரம் விழுந்ததும் அவள் போட்ட கூச்சலில் எல்லோரும் ஓடிவந்தார்கள். ஆனால் குழாய் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. முதல் வேலை குழாயை மூடுவது. தண்ணீர் ஓடாதவரை மோதிரம் தூரம் போகாது. பேசினுக்கு அடியில் குனிந்து பாருங்கள். கழிவுக் குழாய் நேராகப் போகாமல் கீழே வளைந்து மேலே ஏறித் திரும்பும், அல்லது ஒரு கிண்ணம் மாதிரி பாகம் தொங்கும். கனமான பொருள் அங்கேதான் தங்கும். அடியில் ஒரு வாளியை வையுங்கள். வளைவின் இரண்டு முனையிலும் இருக்கிற பிளாஸ்டிக் வளையங்களை இடப்பக்கமாகத் திருகினால் கழன்றுவிடும். வழுக்கினால் ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அந்த வளைவுக்குள்ளிருந்து எங்களுக்குக் கிடைத்தவை: சோப்பு கலந்து பிசினாகிப்போன ஒரு முடிக்கற்றை, டூத்பேஸ்ட் மூடி, ஒரு தீக்குச்சி, கடைசியாக மோதிரம். தீக்குச்சிக்கு இன்றுவரை யாரும் உரிமை கோரவில்லை.

திரும்ப மாட்டும்போது உள்ளே இருக்கிற ரப்பர் வாஷர் எப்படி இருந்ததோ அப்படியே உட்கார வேண்டும், அதனால் கழற்றும்போதே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டி முடித்ததும் தண்ணீரைத் திறந்துவிட்டு, இணைப்புகளுக்கு அடியில் காய்ந்த டிஷ்யூ தாளால் ஒற்றிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவும் தாளில் தெரியும். இன்னொன்று: குழாய் கழன்று கிடக்கும்போது வாளியில் சேர்ந்த அழுக்குத் தண்ணீரை அதே பேசினில் கொட்டுகிறவர்கள் உண்டு. எங்கள் வீட்டில் அது யார் என்று சொல்லமாட்டேன். அன்று மாலை முழுக்க அவருடைய பேன்ட் கொடியில் காய்ந்தது.

அந்த வளைவு மோதிரம் பிடிப்பதற்காக வைத்ததில்லை. அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நின்று, சாக்கடை வாடை மேலே வராமல் அடைக்கும். ஆள் புழங்காத குளியலறையில் திடீரென்று நாற்றம் வந்தால், தேங்கிய தண்ணீர் காய்ந்துபோயிருக்கும் என்று அர்த்தம். தரைத் துளையில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள், முடிந்தது. வாசனை மெழுகுவத்தி எல்லாம் வேண்டாம்.

இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். அடைப்புக்குச் சமையல் சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கொட்டச் சொல்வார்கள். நுரை பொங்குவது பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஒன்று காரம், ஒன்று அமிலம், இரண்டும் ஒன்றை ஒன்று தீர்த்துவிட்டு, மிஞ்சுவது கொஞ்சம் உப்பு கரைந்த தண்ணீர். முடிக்கற்றையை அது ஒன்றும் செய்யாது. இதில் ஆபத்தில்லை. ஆனால் ப்ளீச்சோடு ஆசிட்டையோ வினிகரையோ கலந்தால் குளோரின் வாயு வரும். அது நுரையீரலைத் தாக்கும் விஷம். அம்மோனியா உள்ள கிளீனரோடும் ப்ளீச் சேரக் கூடாது. இரண்டு பாட்டிலையும் ஒரே தட்டில்கூட நான் வைப்பதில்லை.

ஃப்ரிட்ஜ் என்னும் தியான மண்டபம்

என் கணவர் ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார். தேடுவதில்லை, நிற்பார். குளிர் முகத்தில் அடிக்கும், கதவு “டிங் டிங்” என்று கத்தும். பிறகு, “ஒண்ணுமே இல்லையே” என்பார். உள்ளே ஒரு சின்னப் பட்டாளத்துக்குச் சாப்பாடு இருக்கும்.

முன்வரிசைக்குப் பின்னால் ஒரு பின்வரிசை உண்டு என்பதை அவருக்குப் புரியவைக்கும் முயற்சியை நான் விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக, கண்ணுக்கு நேரான தட்டில் ஒரு டிரே வைத்தேன். அதில் ஒரு சீட்டு: “முதலில் இதைச் சாப்பிடவும்”. சீக்கிரம் தீர வேண்டியதெல்லாம் அதில் போகும். பசியோடு வருகிறவர்கள் கேள்வி கேட்காமல் அதை எடுக்கிறார்கள். வேறெதுவும் அவர்களுக்குத் தெரியவில்லை என்பதும் ஒரு காரணம்.

மூடிய பாத்திரங்கள் எல்லாம் வெளியிலிருந்து ஒரே மாதிரி இருக்கும். அதனால் முடிந்தவரை உள்ளே இருப்பது தெரிகிற டப்பா, மேலே ஒரு துண்டு டேப்பில் தேதி. பேனாவை ஃப்ரிட்ஜ் கதவிலேயே நூலால் கட்டிவிடுங்கள். கட்டாத பேனா பள்ளிக்கூடம் போய்விடும். சமைத்ததை 2 மணி நேரத்துக்குள் உள்ளே வைத்து, ஃப்ரிட்ஜும் 4 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தால், பெரும்பாலான மிச்சங்கள் 3 அல்லது 4 நாள் தாங்கும். பெரிய பாத்திரத்தில் சூடாக இருப்பதை அப்படியே வைத்தால் நடுப்பகுதி ஆற வெகுநேரமாகும். தட்டையான சின்னப் பாத்திரங்களில் பிரித்து வையுங்கள். ஃப்ரிட்ஜில் அதிகம் சூடேறுகிற இடம் கதவுதான், பாலை அங்கே வைக்காதீர்கள்.

மோந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் பதவி பல வீடுகளில் ஒருவருக்கே நிரந்தரமாக இருக்கும். எங்கள் வீட்டில் அது என்னிடம் இருந்தது, ராஜினாமா செய்துவிட்டேன். நோய் உண்டாக்கும் கிருமிகள் பலவும் வாசனையையோ நிறத்தையோ மாற்றுவதில்லை. மூக்கு சொல்வதைவிட டேப்பில் இருக்கிற தேதி சொல்வது நம்பகமானது. டேப்பைப் படிக்க என்னைக் கூப்பிட வேண்டியதும் இல்லை.

துணி

இதை நீட்ட விரும்பவில்லை. சாக்ஸ் தொலையும். எல்லோருக்கும் ஒரே நிறத்தில், ஆளுக்கு ஓர் அளவில் வாங்கிவிட்டால் ஜோடி தேடும் வேலை போய்விடும். வலைப்பையில் போட்டுத் துவைத்தால் தொலைவது குறையும். முன்பக்கக் கதவுள்ள மெஷினில் கதவைச் சுற்றியிருக்கிற ரப்பர் மடிப்புக்குள் விரல் விட்டுப் பாருங்கள், ஒற்றைச் சாக்ஸ்கள் அங்கே குடும்பம் நடத்திக்கொண்டிருக்கும். துண்டுக்கு ஃபேப்ரிக் கண்டிஷனர் போடாதீர்கள், நூலின் மேல் படலம் படிந்து ஈரத்தை உறிஞ்சாது. ரத்தம், பால், முட்டைக் கறைக்குப் பச்சைத் தண்ணீர்தான், வெந்நீர் கறையை இறுக்கிவிடும். எண்ணெய்க் கறைக்குப் பாத்திரம் துலக்கும் திரவம். கறை போனதா என்று பார்க்காமல் இஸ்திரி போட்டால் அது நிரந்தரமாகிவிடும். பாக்கெட்டில் கிடைக்கிற பணம் துவைக்கிறவருக்குச் சொந்தம். இந்தச் சட்டம் வந்த பிறகு எல்லோரும் பாக்கெட்டைக் காலி செய்துவிட்டுத்தான் போடுகிறார்கள். எனக்குத்தான் நஷ்டம்.

“சொன்னா செய்வேன்ல?”

இந்த வாக்கியம் எல்லா வீட்டிலும் கேட்கும். சொல்கிறவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் சொல்ல வேண்டியிருப்பதே பாதி வேலை. குப்பையை எடுத்துக்கொள்வோம். தொட்டி நிறைந்துவிட்டதைக் கவனிப்பது, பையைக் கட்டுவது, வெளியே கொண்டுபோவது, புதுப் பை மாட்டுவது, பை தீரும் முன் வாங்குவது எல்லாம் சேர்ந்ததுதான் குப்பை வேலை. நடுவில் இருக்கிற நடையை மட்டும் ஒருவர் செய்துவிட்டு, “குப்பையை நான்தானே பார்த்துக்கறேன்” என்றால் கணக்கு ஒத்துவராது.

அதனால் வேலையைத் துண்டு போடாமல் முழுசாகக் கொடுங்கள். எங்கள் வீட்டில் குப்பை என் மகனுடையது. கவனிப்பதும் அவன்தான். வேலை எளிதாக ஒரு வழி: புதுப் பைகளின் சுருளைத் தொட்டியின் அடியிலேயே போட்டு வையுங்கள். நிறைந்த பையைத் தூக்கியதும் அடுத்த பை கையில் கிடைக்கும், “பை எங்க?” என்ற கேள்வியே எழாது. முழுசாகக் கொடுத்த பிறகு மேற்பார்வை பார்க்கக் கூடாது. அவன் பையை முடிச்சுப் போடுகிற விதம் எனக்குப் பிடிக்காது. அதைப் பற்றி நான் வாய் திறப்பதில்லை.

பாத்திரம் துலக்குவது மகளும் அவள் அப்பாவும். இங்கே ஒரு தந்திரத்தைப் பற்றி எச்சரிக்க வேண்டும். தொட்டியில் ஒரு பாத்திரம் தண்ணீர் நிரப்பி நிற்கும். கேட்டால், “ஊறுதும்மா.” காலையில் ஊறும், மதியம் ஊறும், மறுநாளும் ஊறும். உலகத்தில் எந்தக் கறைக்கும் அவ்வளவு ஊறல் தேவையில்லை. அடிப்பிடித்த ஸ்டீல் பாத்திரமென்றால், கறை மூழ்கும் அளவு தண்ணீரும் ஒரு ஸ்பூன் சமையல் சோடாவும் போட்டு 10 நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறியதும் மரக்கரண்டியால் தள்ளினால் பெயர்ந்து வரும். அலுமினியத்தில் இதைச் செய்யாதீர்கள், கறுத்துவிடும். எங்கள் வீட்டில் இப்போதிருக்கிற விதி: ஊறப்போட்டவரே துலக்க வேண்டும், படுக்கப்போவதற்கு முன். ஊறுகிற பாத்திரங்களின் எண்ணிக்கை மளமளவென்று இறங்கிவிட்டது.

தீர்ந்துபோகிற சாமானுக்கும் இப்படி ஒரு விதி உண்டு. கடைசியை எடுத்தவர் எழுத வேண்டும். ஃப்ரிட்ஜ் கதவில் தாள் இருக்கிறது, கட்டிய பேனா இருக்கிறது. எழுதாவிட்டால் வராது. ஷாம்பு இல்லாமல் ஒரு வாரம் சோப்பால் தலை குளித்த ஒருவர் இப்போது பாட்டில் பாதியாகும்போதே எழுதிவிடுகிறார்.

விருந்தாளி வருகிறார், பத்து நிமிடம் இருக்கிறது

முழு வீட்டையும் சுத்தம் செய்ய முயலாதீர்கள். வருகிறவர் உட்காரும் இடம், அவர் போகும் கழிவறை, அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வழி. அவ்வளவுதான். ஒரு பெரிய கூடையை எடுத்து வழியில் கிடப்பதையெல்லாம் அள்ளிப் போட்டு, படுக்கையறையில் வைத்துக் கதவைச் சாத்துங்கள். கழிவறையில் கண்ணாடியையும் குழாயையும் காய்ந்த துணியால் துடையுங்கள். அவை இரண்டும் பளிச்சென்று இருந்தால் மற்றதும் சுத்தமாக இருப்பதாகத் தோன்றும். கைத்துண்டை மாற்றுங்கள். வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுச் சத்தம் போடாதீர்கள், அது வாசல்வரை கேட்கும்.

அவர் போன பிறகு அந்தக் கூடையை அன்றைக்கே பிரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு வருகிற கேள்விகள் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்: “கூடையில பாரு.”

இவற்றை மட்டும் யாரும் கேட்கக் கூடாது

சாக்ஸ் எங்கே என்று தெரியாவிட்டால் வெறுங்காலோடு போகலாம். சில விஷயங்கள் எங்கே என்று தெரியாவிட்டால் அப்படி விட முடியாது. எங்கள் வீட்டில் மகன் உட்பட எல்லோரையும் நடத்திக் கூட்டிப்போய்க் கையால் தொடவைத்துக் காட்டியிருக்கிறேன்.

மின்சார மெயின் சுவிட்ச். பக்கத்தில் வரிசையாக இருக்கிற சின்னப் பாதுகாப்புச் சுவிட்சுகள்தான் எம்.சி.பி. ஒவ்வொன்றுக்கும் கீழே எந்த அறை என்று எழுதி ஒட்டுங்கள். ஷாக் அடிக்காமல் காக்கும் ஆர்.சி.சி.பி.யில் “டெஸ்ட்” என்று ஒரு பட்டன் இருக்கும், அவ்வப்போது அழுத்தினால் உடனே டக்கென்று விழ வேண்டும். விழவில்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

கேஸ் வால்வு. வாடை வந்தால் மூடிவிட்டு, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வர வேண்டும். விளக்கு, ஃபேன் எந்தச் சுவிட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது.

முதலுதவிப் பெட்டி. சூடு பட்டால் பெட்டியைத் தேடுவதற்கு முன் குழாயைத் தேட வேண்டும். குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். ஐஸ் வேண்டாம், டூத்பேஸ்ட் பல்லுக்கு மட்டும். ரிமோட்டிலும் பொம்மையிலும் இருக்கிற தட்டையான பட்டன் பேட்டரி எங்கே கிடந்தாலும் உடனே எடுத்து வையுங்கள். சின்னக் குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே வெந்து புண்ணாகிவிடும். விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், தானாக வெளியே வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

கடைசியாகத் தண்ணீர் மெயின் வால்வு. இது எங்கே என்று தெரிந்தால் மட்டும் போதாது, திரும்புகிறதா என்றும் பார்க்க வேண்டும். வருடக்கணக்கில் தொடாத வால்வு உப்புப் படிந்து இறுகிவிடும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மூடித் திறந்து பாருங்கள். எங்கள் வீட்டில் அந்த வேலை மகளுடையது. அசையவில்லையென்றால் பலம் காட்டாமல் பிளம்பரை வரவழைத்து மாற்றிவிடுங்கள், அதுவும் இப்போதே. குழாய் பிய்த்துக்கொண்டு கூடத்தில் தண்ணீர் ஓடுகிற அன்று அவர் போனை எடுக்கமாட்டார்.